எந்த மொழியைக் கற்பது? உங்கள் பொழுதுபோக்கைக் கேளுங்கள்!

ஜப்பானிய மொழியா? சீன மொழியா? கொரிய மொழியா?

ஒரு வாலிபர் ஜூடோ பழகுகிறார். ஒரு பெண் வண்ணக் காகிதத்தில் கொக்கு மடிக்கிறாள். இன்னொருவர் கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடுகிறார். மூவருக்கும் ஒரே ஆசை. கையில் உள்ள பொழுதுபோக்குடன், அது வளர்ந்த நாட்டின் மொழியையும் கற்றுக்கொண்டால் என்ன?

நல்ல ஆசைதான். ஆனால் எந்த மொழி?

"எது சுலபம்?" என்று சிலர் கேட்கிறார்கள். "எதை அதிகம் பேர் பேசுகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். "எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்பது இன்னும் பலருடைய கேள்வி.

வேலைக்காகக் கற்பவருக்கு விடை எளிது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரியத் தொழிற்சாலையும் உண்டு; ஜப்பானியத் தொழிற்சாலையும் உண்டு. எந்தக் கம்பெனியோ அந்த மொழி. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆசைக்காகக் கற்பவர் பாடுதான் திண்டாட்டம். அவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆறு ஆண்டுக் கணக்கு

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு வெளிநாட்டு மொழிகளைக் கற்றுக் கொடுக்கிறது. எந்த மொழிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவை சுலபமான வரிசை. சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் மிகக் கடினமான வரிசை. இந்த மூன்றில் எதைக் கற்றாலும் 88 வாரம், 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்கிறது அந்தக் கணக்கு.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு இது. தமிழருக்குச் சில இடங்களில் சலுகை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

வேலைக்குப் போகிறவர் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 2,200 மணி நேரத்துக்கு ஆறு ஆண்டு ஆகும். இன்று எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தை அதற்குள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடும்!

ஆகவே, "எது சுலபம்?" என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. மூன்றுமே சுலபம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆறு ஆண்டு உங்களை இழுத்துக்கொண்டு போகக்கூடியது எது?

பரீட்சை இழுக்காது. எழுதி முடித்ததும் அது போய்விடும். புது நோட்டுப் புத்தகத்தின் ஆர்வம் மூன்றாவது மாதம் வரை வரும். அதற்கு மேலும் ஒருவரை இழுப்பது, மொழி தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்ற ஒரு பொருள். பொழுதுபோக்குக்கு அந்தச் சக்தி உண்டு.

சில பொழுதுபோக்குக்குக் கேள்வியே இல்லை

சில பொழுதுபோக்குகள் தங்கள் மொழியைத் தாங்களே சொல்லிவிடுகின்றன.

ஜூடோவை ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ல் தொடங்கினார். இன்று உலகில் எங்கே போட்டி நடந்தாலும் நடுவர் "ஹஜிமே" என்றால்தான் ஆரம்பம். "மத்தே" என்றால் நிறுத்தம். இதற்கு ஜப்பானிய மொழிதான் என்பதில் சந்தேகம் என்ன?

டேக்வாண்டோ கொரியாவின் கலை. 2000-ம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக நடக்கிறது. நம் ஊரில் வெள்ளை உடை போட்டு உதைக்கப் பழகும் சிறுவர்கள் "ஹானா, தூல், செத்" என்று எண்ணுகிறார்கள். அது கொரிய மொழியில் "ஒன்று, இரண்டு, மூன்று". ஒரு பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

காகித மடிப்பு வேறு மாதிரி. ஜப்பானில் அகிரா யோஷிசாவா (1911-2005) என்ற மேதை இருந்தார். எந்தக் கோட்டில் எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்பதை அம்புக்குறியாலும் புள்ளிக்கோட்டாலும் காட்டும் முறையை வகுத்தவர் அவர். அவருடைய முறையைத்தான் இன்று உலகமே பின்பற்றுகிறது. 'மலை மடிப்பு', 'பள்ளத்தாக்கு மடிப்பு' என்ற இரண்டு குறிகளும் தெரிந்தால் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடித்துவிடலாம். மொழி தெரியாமலே அனுபவிக்கக்கூடிய கலை இது. இதை நம்பி மொழி கற்றால் இழுப்பு குறைவாகத்தான் இருக்கும்.

ஆக, ஒரு விஷயம் தெரிகிறது. பொழுதுபோக்கு எந்த நாட்டில் பிறந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. அதற்குப் பேச்சு எவ்வளவு தேவைப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே ஆட்டம், மூன்று பெயர்

ஒரே பொழுதுபோக்கு மூன்று நாட்டுக்கும் சொந்தமாக இருந்தால்?

அப்படி ஓர் ஆட்டம் உண்டு. சீனர் அதை 'வெய்ச்சி' என்கிறார்கள். ஜப்பானியர் 'இகோ' அல்லது 'கோ' என்கிறார்கள். கொரியர் 'பாதுக்' என்கிறார்கள்.

குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்கள் 361. ஒருவர் கறுப்புக் கல், மற்றவர் வெள்ளைக் கல். மாறி மாறி ஒவ்வொரு கல்லாக வைக்க வேண்டும். எதிரியின் கல்லைச் சுற்றி வளைத்துவிட்டால் அதை எடுத்துவிடலாம். நம் ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் சேர்ந்து புலியை மடக்குகின்றன அல்லவா? அதே சங்கதிதான். ஆனால் இங்கே எல்லாக் கல்லும் சமம். கடைசியில் யார் அதிக இடம் வளைத்தாரோ அவருக்கு வெற்றி.

ஆட்டம் பிறந்தது சீனாவில். கன்பூசியஸின் உரைத் தொகுப்பிலேயே அதன் பழைய பெயர் வருகிறது. வயது 2,000 ஆண்டுக்கு மேல்.

வளர்ந்தது ஜப்பானில். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகாவா அரசு சிறந்த ஆட்டக்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. நான்கு பரம்பரைகள் உண்டாயின. பரம்பரை பரம்பரையாக இதையே தொழிலாகக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஆட்டங்களை எழுதிவைத்தார்கள். மேல்நாட்டார் ஜப்பான் வழியாகத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றார்கள். அதனால் ஆங்கிலப் புத்தகத்திலும் ஜப்பானியச் சொற்களே நிறைந்திருக்கின்றன.

'இன்னும் ஒரு கல் வைத்தால் எடுத்துவிடுவேன்' என்ற நிலைக்கு ஜப்பானியச் சொல் 'அத்தாரி'. கொரியாவில் 'தான்சு'. சீனாவில் 'தாச்சீ'. ஒரே நிலை, மூன்று சொல்.

இன்னொரு சொல் நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஒருவர் எடுத்த கல்லை மற்றவர் உடனே திரும்ப எடுக்க, அவர் எடுத்ததை இவர் எடுக்க, முடிவே இல்லாமல் போகக்கூடிய நிலை ஒன்று உண்டு. ஜப்பானியர் அதை 'கோ' என்கிறார்கள். தமிழில் எழுதும்போது ஆட்டத்தின் பெயர் போலவே தெரிந்தாலும் எழுத்து வேறு. சீனாவில் அதே எழுத்தை 'ஜியே' என்று படிக்கிறார்கள். பௌத்த நூல்களில் 'கல்பம்' என்ற வடசொல்லைக் குறிக்க எழுதுவதும் இதே எழுத்துத்தான். 'கல்பகோடி காலம்' என்கிறோமே, அந்தக் கல்பம்! முடிவில்லாச் சண்டைக்குப் பொருத்தமான எழுத்து.

பெய்ஜிங் சிறுவன்

இந்த ஆட்டக்காரர் எந்த மொழியைக் கற்பது? அவருக்கு முன்னே சென்றவர்களின் கதை வழி காட்டுகிறது.

1914-ல் சீனாவின் பூஜியன் மாநிலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வூ சிங்யுவான். குடும்பம் பெய்ஜிங்கில் குடியேறியது. தகப்பனார் ஜப்பானுக்குப் போயிருந்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றவர். ஜப்பானியப் புத்தகங்களைக் கொண்டுவந்து மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கனமான புத்தகத்தை ஒரு கையில் பிடித்துப் பிடித்துச் சிறுவனின் விரலே வளைந்துவிட்டது என்று சொல்வார்கள்.

தகப்பனார் இறந்துவிட்டார். பையனின் திறமை ஜப்பான் வரை எட்டியது. 1928-ல், 14-வது வயதில், தாயுடனும் அண்ணனுடனும் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினான். செகோயே கென்சாகு என்ற ஆசிரியர் அவனைச் சீடனாக ஏற்றுக்கொண்டார்.

அங்கே அவன் பெயரே மாறியது. எழுத்து அதேதான். ஜப்பானியர் அதை 'கோ செய்கென்' என்று படித்தார்கள். உலகம் இன்றும் அந்தப் பெயரால்தான் அவரை அறிகிறது.

1937-ல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. பிறந்த நாடு ஒரு பக்கம், வாழும் நாடு மறு பக்கம். இரண்டு பக்கத்திலும் அவரைத் திட்டியவர்கள் உண்டு. ஆனாலும் அவர் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் பத்துப் பத்து ஆட்டத் தொடரில் வென்றார். 2014-ல் 100-வது வயதில் காலமானார்.

ஆட்டம் சீனாவுடையது, ஆடியவர் சீனர், கற்ற மொழியோ ஜப்பானிய மொழி. காரணம், அன்று ஆட்டத்தின் உயிர் ஜப்பானில் இருந்தது.

ஆறு வயதும் பத்து வயதும்

கொரியாவிலிருந்தும் சிறுவர்கள் வந்தார்கள்.

1962-ல் ஆறு வயதுப் பையன் ஒருவன் ஜப்பானுக்கு வந்தான். கொரியாவில் அவன் பெயர் சோ சிஹுன். ஜப்பானில் சோ சிகுன். அங்கேயே வளர்ந்தான். 1980-ல் 'மெய்ஜின்' என்ற பெரும் பட்டத்தை வென்றான். 1983-ல் ஜப்பானின் மூன்று பெரிய பட்டங்களும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன. அதற்கு முன் எவரும் செய்யாத சாதனை அது.

1963-ல் இன்னொரு பையன் வந்தான். வயது பத்து. பெயர் சோ ஹுன்ஹியுன். கோ செய்கென்னை வளர்த்த அதே செகோயேதான் இவனுக்கும் குரு. ஒன்பது ஆண்டு குருவின் வீட்டில் வளர்ந்தான். 1972-ல் ராணுவ சேவைக்காகத் தாய்நாடு திரும்பினான்.

அதன்பின் நடந்ததுதான் திருப்பம். 1988-ல் தைவான் செல்வர் ஒருவர் 'இங் கோப்பை' என்ற உலகப் போட்டியைத் தொடங்கினார். பரிசு 4 லட்சம் டாலர்! அழைக்கப்பட்ட 16 பேரில் கொரியாவிலிருந்து சென்றவர் சோ ஹுன்ஹியுன் ஒருவர்தான். 1989-ல் இறுதிப் போட்டியில் சீனாவின் நியே வெய்பிங்கை 3-2 என்று வென்றார்.

கொரியா கொண்டாடியது. பிள்ளைகள் பலகை முன் உட்கார்ந்தார்கள். சோவின் வீட்டிலேயே தங்கிப் படித்த லீ சாங்ஹோ குருவையே வீழ்த்தும் வீரரானார். அந்தக் குரு-சீடர் கதை 2025-ல் கொரியத் திரைப்படமாகவும் வந்தது.

அன்று ஜப்பானுக்குப் போய்க் கற்ற நாடு, பிறகு உலகத்துக்கே கற்றுக் கொடுக்கும் நாடானது. ஆட்டத்தின் உயிர் இடம் மாறியது.

தமிழருக்கு எது கிட்டே?

இனி, முன்னே சொன்ன சலுகைக்கு வருவோம்.

'நான் புத்தகம் படிக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஜப்பானிய மொழியிலும் அப்படியே: "வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்". கொரியத்திலும் அப்படியே: "நானுன் சேகுல் இல்கோயோ". 'புத்தகத்தை' என்பதில் உள்ள 'ஐ' உருபு போல, பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபு இரண்டு மொழியிலும் உண்டு. பெரியவருக்கு ஒரு மாதிரி, சிறியவருக்கு ஒரு மாதிரி என்ற மரியாதைப் பேச்சும் உண்டு. ஆங்கிலேயர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த இடங்களில் தமிழர் தெம்பாக நடக்கலாம்.

சீனத்தில் "வோ கான் ஷூ". 'நான் - படிக்கிறேன் - புத்தகம்' என்ற வரிசை. ஆனால் அங்கே வேறு ஒரு நிம்மதி. வினைச்சொல் எந்தக் காலத்துக்கும் உருமாறாது. 'நேற்று', 'நாளை' என்று சேர்த்தால் போதும். தொல்லை தருவது குரல்தான். 'மா' என்பதை நான்கு விதமாக உச்சரித்தால் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு பொருள். தாயைக் கூப்பிடப் போய்க் குதிரையைக் கூப்பிட்ட கதையாகிவிடும்!

எழுத்தில் கொரியம் முன்னே நிற்கிறது. எளிய மக்களும் படிக்க வேண்டும் என்று மன்னர் செஜோங் 1446-ல் வெளியிட்ட எழுத்து அது. இன்று அடிப்படை எழுத்துகள் 24. ஊக்கம் உள்ளவர் சில நாளில் பழகிவிடலாம்.

ஜப்பானியத்தில் இரண்டு வகை அசை எழுத்துகள் உண்டு. அவற்றோடு பொது வழக்குக்கென்று அரசு பட்டியலிட்ட சீன எழுத்துகள் 2,136. மலைப்பாக இருக்கிறதா? ஓர் ஆறுதல் உண்டு. அசை எழுத்தின் வரிசையைக் கேளுங்கள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்குப் போல இல்லையா? தற்செயல் அல்ல. பௌத்தத்துடன் சென்ற இந்திய எழுத்து முறையின் தடம் அது. அந்த 'ஹ' கூடப் பழங்காலத்தில் 'ப' என்று ஒலித்ததாக அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இயந்திரம் வந்த பிறகு

"இப்போதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, மொழி எதற்கு?" என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. 2016 மார்ச்சில் சியோல் நகரில் 'ஆல்ஃபாகோ' என்ற கம்ப்யூட்டர் நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என்று தோற்கடித்தது. அடுத்த ஆண்டு சீனாவின் வூஜென் ஊரில் கே ஜியே 3-0 என்று தோற்றார். இன்று அத்தகைய பலம் கொண்ட நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அந்த இயந்திரம் சிறந்த இடத்தைக் காட்டும். வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லும். 'ஏன் அங்கே?' என்று கேட்டால் மௌனம். காரணத்தை விளக்குகிறவன் மனிதன். தவறு செய்த வீரன் ஆட்டம் முடிந்ததும் எதிரியுடன் உட்கார்ந்து, கற்களைத் திரும்ப அடுக்கி, எங்கே தவறினோம் என்று பேசுகிறானே, அந்தப் பேச்சில்தான் பாடம் இருக்கிறது. அதைக் கேட்க மொழி வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கருவிகள் உதவும். ஆனால் ஆட்டத்தின் சொல்லை ஊர்ப் பேச்சாக நினைத்துக் குழப்பிவிடுவதும் உண்டு. ஆட்டமும் தெரிந்து மொழியும் தெரிந்தவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அமெரிக்காவில் பிறந்த மைக்கேல் ரெட்மண்ட் ஜப்பானில் கற்று 1981-ல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 2000-ல் ஒன்பதாம் 'டான்' என்ற மிக உயர்ந்த நிலையை அடைந்தார். 2016 போட்டியை ஆங்கில நேயர்களுக்கு விளக்கியவர் அவர்தான்.

மூன்று கேள்விகள்

ஆகவே, மொழியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: உங்கள் பொழுதுபோக்கில் நீங்கள் வியக்கும் மனிதர் யார்? அவர் எந்த மொழியில் பேசுகிறார்? பழைய ஜப்பானிய ஆட்டங்களில் மனம் தோய்ந்தவர் ஜப்பானியம் கற்கட்டும். இன்றைய கொரிய வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர் கொரியம் கற்கட்டும். ஆட்டத்தின் வேரைத் தேடுகிறவரும், ஆடுவதற்கு ஆள் ஏராளமாக வேண்டும் என்கிறவரும் சீனம் கற்கட்டும்.

இரண்டு: உங்களுக்கு வேண்டியது படிப்பா, கேட்பா? புத்தகம் வேண்டும் என்றால் ஜப்பானியத்திலும் சீனத்திலும் எழுத்துக்கே பெரும் பொழுது போகும் என்பதை ஏற்றுக்கொண்டு இறங்க வேண்டும். டெலிவிஷன் விளக்கம் கேட்க வேண்டும் என்றால் ஜப்பானில் ஞாயிறுதோறும் ஒளிபரப்பாகும் கோ போட்டியும் உண்டு. கொரியாவில் பாதுக்குக்கென்றே தனி ஒளிபரப்பும் உண்டு.

மூன்று: பேசிப் பழக யார் இருக்கிறார்கள்? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழருக்குச் சீனம் அடுத்த வீட்டு மொழி. சென்னைவாசிக்கு ஜப்பானிய, கொரிய வகுப்புகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

மூன்று விடையும் ஒன்றாக இருந்தால் யோசனையே வேண்டாம். வேறுபட்டால், முதல் விடைக்கே அதிக மதிப்புக் கொடுங்கள். ஆறு ஆண்டு உங்களை இழுத்துச் செல்லப்போவது அதுதான்.

தொடங்கும்போது கடையில் காய் வாங்கும் பாடத்தோடு நிற்காதீர்கள். எழுத்தைக் கற்றதும் உங்கள் பொழுதுபோக்கின் சொற்களில் பத்தை எழுதிவையுங்கள். அவை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்ப்பது போல இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு மொழி என்று தாவுவதுதான் ஆபத்து. கோ ஆட்டத்தில் பலகையில் வைத்த கல்லை நகர்த்த அனுமதி இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு கல் வைத்து இணைக்கலாம். ஜப்பானியத்துக்காகக் கற்ற எழுத்துகள் நாளைக்குச் சீனத்துக்கு உதவும். கொரியச் சொற்களில் பாதிக்கு மேல் சீன வேர் கொண்டவை.

முதல் கல்லைத் துணிந்து வையுங்கள். இன்று ஒரு மணி நேரம் இருக்கிறது அல்லவா?